மறு: ‘பிவட்’டுக்கு ‘மையம்’ வேண்டாம் என்பதற்கு என் காரணங்கள்

குழுவினருக்கு வணக்கம்.

இங்கே தடைக்காலம். ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. மண்டபம் கரையில் இப்போது மீன் வாசத்தைவிடப் பெயின்ட் வாசம்தான் தூக்கலாக இருக்கிறது. மீன் வராவிட்டால் எனக்குக் கணக்கு வேலையும் இல்லை. அதனால் ‘பிவட்’ (pivot) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்று போன வாரம் பாதியில் நின்றுபோன பேச்சுக்கு உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல் எனக்கு எதற்கு வேண்டும் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். படகுக்காரர் வீட்டுப் பெண்கள் சிலருக்கு எக்செல் சொல்லிக் கொடுக்கிறேன். தேதி, படகு, மீன், கிலோ என்று நாலு பத்தி. சீசன் முழுக்க எழுதினால் ஆயிரம் வரிக்கு மேல் போய்விடும். அதிலிருந்து எந்தப் படகு எவ்வளவு கணவாய் கொண்டு வந்தது என்று எடுக்க, வரிகளை வேண்டியபடி தொகுத்துக் காட்டும் ‘பிவட் டேபிள்’தான் வழி. ஒரு பயிற்சி நிலையத்தில் வாங்கிய கையேட்டில் அதற்கு ‘மைய அட்டவணை’ என்று போட்டிருந்தார்கள். நானும் யோசிக்காமல் பலகையில் அப்படியே எழுதிவிட்டேன். தங்கச்சிமடத்துப் பிள்ளை ஒருத்தி பத்து நிமிடம் திரையையே உற்றுப் பார்த்துவிட்டு, “அக்கா, நடுவுல எந்தக் கட்டம்?” என்றாள். அவள் மேல் தப்பில்லை. மையம் என்று சொன்னால் யாரும் நடுவைத்தானே தேடுவார்கள்?

> பிவட் என்றால் மையம். பிவட்டல் என்றால் மையமான. இதில் என்ன குழப்பம் என்று விளங்கவில்லை.

மதுரை ஐயாவின் இந்த வரிக்குத்தான் என் மறுப்பு. ஐயா கோபிக்கக் கூடாது.

பிவட் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். கதவோ பொறியோ திரும்புவதற்குத் தாங்கி நிற்கும் முளையைத்தான் அது முதலில் குறித்தது. அப்புறம் பட்டாளத்துக்குள் புகுந்தது. நேர்வரிசையில் நிற்கிற படை அப்படியே வரிசை குலையாமல் பக்கவாட்டில் திரும்ப வேண்டுமென்றால், ஒரு கோடியில் நிற்பவர் நின்ற இடத்திலேயே திரும்புவார், மறு கோடியில் இருப்பவர் ஏறக்குறைய ஓட வேண்டியிருக்கும். நின்ற இடத்தில் திரும்புகிறவர்தான் பிவட். அவர் நிற்பது வரிசையின் ஓரத்தில் என்பதைக் கவனியுங்கள். ‘பிவட்டல்’ என்ற பெயரடை இதற்கெல்லாம் பிந்தியது, 19ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தது. ‘இதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம் திரும்பும்’ என்பது அதன் கருத்து. இப்போது ஆங்கிலச் செய்திகளில் தொட்டதற்கெல்லாம் பிவட்டல்தான். நம் செய்தித்தாள்களில் எல்லாரும் ‘முக்கியப் பங்கு’ வகிப்பதுபோல அவர்களுக்கு அது.

ஆக, பிவட் என்பதற்கு நடுவில் இருக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. தான் இடம் பெயராமல் நின்று, மற்றதைத் திரும்ப விடுவது அதன் வேலை.

இதை நான் அகராதியிலிருந்து படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டு வாசல் கதவு கற்றுக் கொடுத்தது. தாத்தா காலத்துக் கதவு, கீல் கிடையாது. பலகையின் ஓரத்தில் மேலும் கீழுமாக மரத்திலேயே கடைந்து விட்ட இரண்டு குடுமி. மேல்குடுமி நிலைச்சட்டத்துத் துளையில் நிற்கும், கீழ்க்குடுமி கல்லில் வெட்டிய குழியில் உட்கார்ந்திருக்கும். கதவின் முழுப் பாரமும் அந்தக் கட்டைவிரல் தண்டி கீழ்க்குடுமியில்தான். திறந்தால் தெருக்கோடி வரை முனகல் கேட்கும். ஆயா ஒரு கரண்டி விளக்கெண்ணெயைக் குழியில் விட்டதும் அடங்கிவிடும். பின்கட்டுக்குப் போட்ட புதுக் கதவின் இரும்புக் கீல் உப்புக்காற்றில் மூன்றே வருடத்தில் பொரிந்து உதிர்ந்தது. குடுமி அப்படியே இருக்கிறது. போன தையில் வந்து பார்த்த ஆசாரி, “குடுமி தேஞ்சிருக்கு, ஆனா இன்னும் நிக்கும்” என்று சொல்லிவிட்டுக் காசு வாங்காமல் போனார்.

இதைவிடப் பொருத்தமான பிவட் எங்கே கிடைக்கும்? இருப்பதோ கதவின் ஓரத்தில்.

கதவுக்குடுமியைப் போய் பெரிய கருத்துக்குப் பெயராக வைக்கலாமா என்று யாரேனும் முகம் சுளிக்கலாம். ரோமர்கள் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய கதவுகளும் குடுமியில் திரும்பியவைதான். லத்தீனில் அதற்குப் பெயர் ‘கார்தோ’. எதைக் கொண்டு மற்றவை நிற்கின்றனவோ அது ‘கார்தினாலிஸ்’. நாலு முதன்மைத் திசைகளை ஆங்கிலத்தில் கார்டினல் திசைகள் என்பது அதிலிருந்துதான், கத்தோலிக்கத் திருச்சபையின் கர்தினாலும் அதிலிருந்துதான். இந்தக் கரையில் பாதி ஊர்களில் மாதா கோயில் உண்டு, கர்தினால் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருடைய பட்டத்துக்குள் ஒரு கதவுக்குடுமி இருக்கிறது என்று வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை.

இனி ‘மையம்’ பக்கம். ஆங்கிலச் ‘சென்டர்’ கிரேக்கத்துக் ‘கென்ட்ரான்’ என்பதிலிருந்து வந்தது. கென்ட்ரான் என்றால் குத்துகிற கூர்முனை. மாட்டை ஓட்டுகிற தார்க்குச்சிக்கும் அதே பெயர். வட்டம் போடும் கவராயத்தில் ஒரு கால் குத்தி நிற்கும், மறுகால் சுற்றி வரும். குத்தி நின்ற புள்ளி கென்ட்ரான், அதுவே வட்டத்தின் நடுவுக்குப் பெயராகிவிட்டது. இதே சொல் கிரேக்கச் சோதிடத்தோடு வடமொழிக்கு வந்து ‘கேந்திர’ ஆனது. சாதகத்தில் 1, 4, 7, 10 ஆம் இடங்களைக் கேந்திரம் என்கிறோமே, அதுதான். அந்தக் கேந்திர ஸ்தானங்கள் கட்டத்தின் நடுவில் இல்லை என்பதையும் பாருங்கள். சென்டரை விட்டுவிட்டுக் கேந்திரம் என்று எழுதித் தமிழாக்கிவிட்டதாக நினைக்கிறவர்கள் ஒரே தார்க்குச்சியின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். (இந்தக் குழுவில் யாரையும் சொல்லவில்லை.)

‘அச்சாணி’ என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். ‘உருள்பெருந்தேர்க்கு அச்சாணி அன்னார்’ என்ற குறள் வரி இருக்கும்போது அந்த ஆசை வருவது இயல்பு. ஆனால் மாட்டுவண்டி பார்த்தவர்கள் யோசித்துப் பாருங்கள். சக்கரம் சுற்றுவது அச்சில். அச்சாணி, அதாவது கடையாணி, சக்கரம் கழன்று ஓடாமல் மறித்து நிற்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அதற்கு ‘லிஞ்ச்பின்’ என்று தனிச்சொல்லே உண்டு. அச்சாணியைப் பிவட்டுக்குத் தானம் செய்துவிட்டால் லிஞ்ச்பின் வந்து நிற்கும்போது எதைக் கொடுப்பது?

> பாம்பன் தூக்குப்பாலம் இருக்கும்போது உதாரணத்துக்கு எங்கே போகிறீர்கள்? அது பிவட்டில்தானே எழும்புகிறது?

இதை எழுதியவர் சென்னையில் இருக்கிறார், அதனால் மன்னிப்போம். 1914இல் திறந்த பழைய பாலத்தின் தூக்கு, ஷெர்ஜர் என்ற பொறியாளரின் முறையில் அமைந்தது, முளையில் திரும்பியது இல்லை. ஒவ்வொரு பக்கத்து இறக்கையின் அடியிலும் வளைந்த இரும்பு விளிம்பு இருந்தது, மரக்குதிரையின் அடிக்கட்டை மாதிரி. ஆட்கள் கையால் பொறியைச் சுற்ற, அந்த வளைவு தட்டையான தடத்தின் மேல் பின்பக்கமாக உருண்டது, இறக்கை எழும்பியது. திரும்பும் இடம் ஒன்றிலேயே நிற்காமல் உருண்டு பின்வாங்கியதால் கப்பலுக்குக் கூடுதலாக வழி கிடைத்தது. ஷெர்ஜருடைய சாமர்த்தியமே பிவட்டை ஒழித்ததுதான். 1964 டிசம்பர் புயலில் பாலத்தின் பல கண்கள் கடலோடு போனபோதும் இந்தத் தூக்கு நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்திலோ 72.5 மீட்டர் நீளத் துண்டு கிணற்று வாளிபோல் செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகிறது. அங்கேயும் நமக்கு வேலை இல்லை. எங்கள் ஊர்ப் பெருமையை நானே உதாரணத்திலிருந்து கழிக்கிறேன், என் நேர்மையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நல்ல உதாரணம் பாலத்தில் இல்லை, ஏலக்கூடத்தில் இருக்கிறது. கணினி அறிஞர் டோனி ஹோர் 1959இல் யோசித்து 1961இல் வெளியிட்ட ‘குவிக்சார்ட்’ என்ற வரிசைப்படுத்தும் முறையில் பிவட் என்று ஒன்று வரும். வரிசையில் ஏதாவது ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, அதைவிடச் சிறியதை இந்தப் பக்கமும் பெரியதை அந்தப் பக்கமும் தள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் அதையே திரும்பச் செய்ய வேண்டும். இறால் தரம் பிரிக்கிற அக்காமார் வேறென்ன செய்கிறார்கள்? குவியலிலிருந்து ஒன்றை எடுத்து இடது கையில் பிடித்துக்கொள்வார்கள். “இதுக்குச் சின்னது இங்கிட்டு, பெருசு அங்கிட்டு.” கையில் பிடித்த இறால்தான் பிவட். அது நடுத்தரமாக அமைந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆக மிகப் பெரியதை எடுத்துவிட்டால் எல்லாம் ஒரே பக்கம் குவியும், பிரித்தும் பிரிக்காத கதை. நடுவாக இருந்தால் நல்லது என்பதுவரை சரி. நடுவாக இருப்பதாலேயே அது பிவட் ஆகிவிடாது.

பிவட் டேபிளுக்கும் இதே கதைதான். 1991இல் லோட்டஸ் நிறுவனத்தின் இம்ப்ரூவ் என்ற மென்பொருளில் பீட்டோ சாலஸ் கொண்டுவந்த எண்ணம் அது, 1993இல் எக்செலுக்குள் வந்தது. படகைப் பிடித்துக்கொண்டு திருப்பினால் ஒரு கணக்கு, மீனைப் பிடித்துக்கொண்டு திருப்பினால் வேறு கணக்கு. ஆயிரம் வரியில் ஒன்றுகூட மாறுவதில்லை.

தொழில் தொடங்கும் இளைஞர்கள் “பிவட் பண்ணிட்டோம்” என்கிறார்களே, அந்தப் பொருளைப் பரப்பியவர் எரிக் ரீஸ் என்ற அமெரிக்கத் தொழில்முனைவர். கூடைப்பந்தில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு மறுகாலால் திரும்புவதுபோல, கற்றதில் ஊன்றி நின்று வழியை மாற்றுவது. முழுக்கத் தாவிவிட்டால் அது பிவட் இல்லை. இதற்கு ‘ஊன்றித் திரும்புதல்’ போதும், அந்தக் கால் ‘ஊன்றுகால்’.

சரி, என் முன்மொழிவு. பொறியில் வரும் பொருளுக்குச் ‘சுழல்முளை’. திருகைக் கல்லின் நடுவில் நிற்பதும் முளை, மாடு கட்டுவதும் முளை, அதனால் யாருக்கும் விளக்க வேண்டாம். கதவுக்கு மட்டும் ‘குடுமி’யே இருக்கட்டும். பிவட் டேபிளுக்கு ‘முளை அட்டவணை’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன், முளைகட்டிய பயறு ஞாபகம் வந்தது. ‘குடுமி அட்டவணை’ என்று சொன்னால் வகுப்பு அன்றைக்கு நடக்காது. ஒன்றும் சரிப்படவில்லை, உங்களிடம் விடுகிறேன்.

மண்டபத்திலிருந்து.

———

மதுரையிலிருந்து ஐயா:

அம்மா, கர்தினாலைக் கொண்டுவந்து என் வாயை அடைத்துவிட்டீர்கள். ‘மையம்’ என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ஒரே ஒரு சந்தேகம். ‘பிவட்டல்’ என்ற பெயரடைக்கு ஒன்றும் தரவில்லையே? ‘சுழல்முளையான முடிவு’ என்று எழுதினால் சகிக்காது. ‘குடுமிப் பங்கு’ என்றால் குடுமிப்பிடிச் சண்டைதான்.

———

மறுமொழி:

ஐயாவுக்கு வணக்கம். பெயரடைக்குத் தனிச்சொல் தேட வேண்டாம் என்பது என் எண்ணம். தமிழில் அது வினையாகத்தான் வரும். ‘மற்றதெல்லாம் அந்த முடிவைப் பொறுத்தே திரும்பியது’ என்று எழுதிவிடலாம். நாலு சொல் கூடினால் கூடட்டும், ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதற்கு நாம் என்ன செய்ய முடியும்?

அட்டவணைக்கு விடை நேற்று வகுப்பில் கிடைத்துவிட்டது. பெயரே சொல்லாமல் செய்து மட்டும் காட்டினேன். படகை வரிசையிலிருந்து இழுத்துப் பத்தியில் போட்டதும், அன்றைக்கு நடுக்கட்டத்தைத் தேடிய அதே பிள்ளை, “திருப்பிப் போடுற டேபிளா?” என்றாள். ‘திருப்பு அட்டவணை’ என்று பலகையில் எழுதினேன். இரண்டு சொல்லையும் பிரித்தே எழுதுங்கள், சேர்த்தால் ‘திருப்பட்டவணை’ ஆகிக் கோயில் கணக்கு மாதிரி தெரிகிறது.

கதவுக்குடுமிக்குப் படம் கேட்ட தம்பிக்கு: கீழ்க்குடுமி தெரிய வேண்டுமானால் கதவைத் தூக்கிக் கழற்ற வேண்டும், அதற்கு மூன்று பேர் வேண்டும். பெயின்ட் வேலை முடிந்து பையன்கள் சும்மா இருக்கிற நாளாகப் பார்த்து எடுத்து அனுப்புகிறேன்.