கொசுவலையை இலவசமாகக் கொடுப்பதா, சிறு விலைக்குக் கொடுப்பதா?

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகத்தில் ஆண்டுதோறும் திரட்டும் நன்கொடையை, இவ்வாண்டு ஆப்பிரிக்க நாடுகளில் கொசுவலை வழங்கும் பணிக்கு அனுப்பலாம் என்று முன்மொழிந்தேன். 2023இல் மலேரியாவால் இறந்தவர்கள் ஏறத்தாழ 5,97,000 பேர் என்றும், அவர்களில் 95 விழுக்காட்டினர் ஆப்பிரிக்காவில் இறந்தார்கள் என்றும், அங்கே இறந்தவர்களில் நால்வரில் மூவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருப்பதைப் படித்த பிறகு வேறெதற்கும் கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் உடன் பணிபுரியும் மூத்தவர் ஒருவர், சும்மா கிடைப்பதை யாரும் மதிக்க மாட்டார்கள், மீன் பிடிக்கத்தான் கொண்டுபோவார்கள், சிறு தொகையாவது வாங்கிக்கொண்டு கொடுப்பதே முறை என்கிறார். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நெய்தல்:
தங்கள் மூத்தவர் சொல்வதைப் பல அரசுகளும் ஒரு காலத்தில் நம்பின. அதனால்தான் ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டூபா என்ற இரு பொருளியலாளர்கள் மேற்குக் கென்யாவில் கர்ப்பிணிகளுக்கான மருத்துவ நிலையங்களில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சில நிலையங்களில் வலை இலவசம்; மற்றவற்றில் வெவ்வேறு சிறு விலைகள். விலை சுழியத்திலிருந்து 60 அமெரிக்க சென்ட் ஆனதுமே வலை பெறுவோர் பங்கு 60 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்துவிட்டது. பணம் கொடுத்து வாங்கியவர்கள் இலவசமாகப் பெற்றவர்களைவிட அதிகமாகப் பயன்படுத்தினார்கள் என்பதற்கும் சான்று கிடைக்கவில்லை. ஆக, விலை வைத்ததால் பொறுப்பு கூடவில்லை. கையில் காசில்லாத தாய் வெறுங்கையோடு திரும்பியதுதான் மிச்சம். 2006இல் கென்ய அரசு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வலைகளைப் பெருமளவில் இலவசமாக வழங்கியது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனமும் இலவச விநியோகத்தையே பரிந்துரைத்தது.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். மருந்தேற்றிய வலை அதற்குள் படுப்பவரை மட்டும் காப்பதில்லை. கொசு வலைமீது அமர்ந்து சாவதால், கென்யாவின் அசெம்போ பகுதியில் வலை இல்லாத வீடுகள்கூட, வலை வழங்கப்பட்ட ஊர்களிலிருந்து சுமார் 300 மீட்டருக்குள் இருந்தபோது பயன்பெற்றன. பக்கத்து வீட்டுக்காரரின் குழந்தையையும் காக்கும் ஒரு பொருளுக்கு, வாங்குபவரிடம் மட்டும் விலை கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

குறிஞ்சிமலர்:
மீன்பிடிப்பு கட்டுக்கதை அன்று. டாங்கனிக்கா ஏரிக் கரையிலும் சாம்பியாவின் பாங்வெயுலு சதுப்பு நிலத்திலும் அது நடக்கிறது. நுண்கண் வலை மீன்குஞ்சுகளையும் வாரிக்கொண்டு போவதால் கேடும் உண்மையானது. ஆயினும் பசித்த குடும்பம் மீன் பிடிக்கிறது என்பதற்காகக் கண்டம் முழுவதற்கும் விலை வைக்க வேண்டும் என்பது பொருந்தாத முடிவு.

என்னைக் கவலைப்பட வைப்பது வேறு. இரண்டு பேருக்கு ஒரு வலை என்ற கணக்கில், பெரும்பாலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை, வீடு வீடாகப் பெயர் பதிந்து கொடுக்கிறார்கள். வலை வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆகிறது என்பதை நான் கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றிய நாள்களில் பார்த்திருக்கிறேன். பெற்றோரின் கட்டிலுக்கு மேல் வலை நிரந்தரமாகத் தொங்கும். பிள்ளைகளோ சமையல் நடக்கும் அறையிலேயே பாய் விரித்துப் படுப்பார்கள். காலையில் பாயைச் சுருட்டும்போது வலையையும் அவிழ்த்தாக வேண்டும், இரவில் மறுபடி கட்ட வேண்டும். புல் வேய்ந்த வட்டக் குடிசையில் கயிறு கட்ட வாகான இடமும் கிடைக்காது. அடுப்புப் பொறியில் ஓட்டை விழும், பாயின் ஓரம் உரசிக் கிழியும். இப்படித்தான், யாருக்கு முதலில் பாதுகாப்பு வேண்டுமோ அந்தப் பிள்ளையின் வலை முதலில் வீணாகிறது. வலையோடு ஆணியும் கயிறும் கொடுத்து, ஊர்ச் சுகாதாரத் தொண்டர் ஒருவர் வந்து கட்டிக் காட்டும் திட்டங்களை நான் மதிக்கிறேன். புது வலையை முதலில் ஒரு நாள் நிழலில் விரித்து ஆறவிட வேண்டும் என்பதையும் அவர்தான் சொல்லித் தருவார். அது தெரியாதவர்கள் முதல் இரவே முகம் எரிகிறது என்று சுருட்டி வைத்துவிடுகிறார்கள்.

வைகைக்கரை:
மிக்க நன்றி. எல்லா வலைகளும் ஒன்றுதானா, அல்லது வகை பார்த்துக் கொடுக்க வேண்டுமா?

வடமராட்சி:
வகை பார்ப்பது இப்போது மிக அவசியம். நெடுங்காலம் எல்லா வலைகளிலும் பைரித்ராய்டு வகை மருந்து மட்டுமே இருந்தது. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் நுளம்புகள் அதற்குத் தாக்குப்பிடிக்கப் பழகிவிட்டன. டான்சானியாவின் மிசுங்வி மாவட்டத்தில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், குளோர்ஃபெனாபிர் என்ற இரண்டாவது மருந்தும் சேர்ந்த வலைகளைப் பெற்ற குழந்தைகளிடையே, பழைய வகை வலைகளைப் பெற்றவர்களைவிட, மலேரியா தாக்கிய வீதம் இரண்டாண்டுகளில் 44 விழுக்காடு குறைவாக இருந்தது. பைரித்ராய்டு நரம்பைத் தாக்கும். இதுவோ உயிரணுவின் ஆற்றல் உற்பத்தியைக் கெடுப்பதால், பழைய மருந்துக்கு அசையாத நுளம்பும் இதில் சாகிறது. 2023 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் இந்த வகையைப் பரிந்துரைத்தது. விலை சற்றுக் கூடுதல்தான், எனினும் தாக்குப்பிடிக்கும் நுளம்புகள் உள்ள இடத்தில் மலிவான வலையைக் கூடுதல் எண்ணிக்கையில் கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பணம் அனுப்பும் முன், எந்த மாவட்டத்துக்கு எந்த வகை வலை போகிறது, விநியோகம் முடிந்து சில மாதங்கள் கழித்து வீடுகளுக்குச் சென்று வலை தொங்குகிறதா என்று பார்க்கிறார்களா, அந்த முடிவுகளை வெளியிடுகிறார்களா என்று அந்த அமைப்பிடம் எழுதிக் கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் தயங்காமல் அனுப்பலாம்.