தேசிய வாகை: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துக்கு ஒரே சொல் போதுமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

"நேஷனல் சாம்பியன்" என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த இரண்டு கருத்துகளுக்கு என் பதில்.

> "நேஷனல் சாம்பியன்" என்பதைத் "தேசியப் பட்டம் வென்ற அணி" என்று போட்டுவிடலாமே. எளிதாக இருக்கிறது.

எளிதுதான் ஐயா. ஆனால் கல்லூரியையும் பட்டத்தையும் ஒரே வரியில் வைத்தால் படிப்பவர் மனம் பட்டமளிப்பு விழாவுக்குப் போய்விடும். அதைவிடப் பெரிய இடர் "வென்ற" என்பதில். முட்டை வடிவப் பந்தை ஏந்தி ஓடும் இந்த ஆட்டத்தின் மேல்தட்டுப் பிரிவில் நெடுங்காலம் இறுதிப்போட்டியே கிடையாது. அடுத்த தட்டுக்குக்கூட 1978 முதல் போட்டி நடத்திக் கோப்பை கொடுக்கும் என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பு), மேல்தட்டுக்கு மட்டும் இன்றுவரை தானாக எதையும் கொடுத்ததில்லை.

அந்த வெற்றிடத்தில்தான் செய்தியாளர்கள் புகுந்தார்கள். 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் விளையாட்டு எழுத்தாளர்களிடம் வாக்கு வாங்கி அணிகளை வரிசைப்படுத்தியது. 1950 முதல் பயிற்றுநர்களின் வாக்கெடுப்பும் சேர்ந்துகொண்டது. கடைசி வாக்கெடுப்பில் முதலில் நிற்பவரே சாம்பியன். 1964இல் இரண்டு வாக்கெடுப்புகளும் அலபாமாவுக்கு முதலிடம் தந்து முடித்தன. பருவத்தின் முடிவில் ஆடும் ஆரஞ்சு பவுல் ஆட்டம் அதன் பிறகுதான். அதில் அலபாமா டெக்சாசிடம் 21-17 எனத் தோற்றது, முதலிடம் போகவில்லை. இங்கே "வென்ற" எப்படிப் பொருந்தும்?

> "வாகையர்" போதும். நாளிதழ்களே "வாகை சூடினார்" என்கின்றன.

வாகைக்கு என் வாக்கும் உண்டு. தொல்காப்பியத்தில் வாகைத் திணை போர்க்கள வெற்றியோடு நின்றுவிடுவதில்லை. அவரவர் தத்தம் துறையில் மேம்பட்டு விளங்குவதும் வாகைதான். ஆகவே வாக்கால் உயர்ந்தவரையும் அச்சொல் தாங்கும். ஆனால் அடைமொழி இல்லாமல் விட்டால் வரலாறு குழம்பும். என் முன்மொழிவு: வாக்கெடுப்பால் வந்தது "வாக்கு வாகை". ஆடிப் பெற்றது "கள வாகை". இரண்டு வாக்கெடுப்புகள் இரண்டு அணிகளைச் சொன்னால் "இருவாகை": 1990இல் கொலராடோவும் ஜார்ஜியா டெக்கும், 1997இல் மிச்சிகனும் நெப்ராஸ்காவும்.

இருவாகையை ஒழிக்கத்தான் 1998இல் பிசிஎஸ் என்ற தேர்வு முறை வந்தது. வாக்கையும் கணினிக் கணக்கையும் கலந்து இரண்டு அணிகளைப் பொறுக்கி மோதவிடுவார்கள். 2003இல் அந்தக் கணக்கே சந்தி சிரித்தது. இரண்டு வாக்கெடுப்புகளிலும் முதலிடத்தில் நின்ற யுஎஸ்சி (தெற்குக் கலிஃபோர்னியா) வெளியே. தன் பிரிவின் (தமக்குள் ஆடும் கல்லூரிகளின் கூட்டு) இறுதியாட்டத்தில் 35-7 என்று உதை வாங்கிய ஓக்லஹோமா உள்ளே. ஓக்லஹோமாவை எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட்) வென்றது. எழுத்தாளர்களோ யுஎஸ்சிக்கே முதலிடம் கொடுத்தார்கள். மறுபடி இருவாகை!

இன்னொன்றும் வேண்டும். தானே எடுத்துச் சூடிக்கொள்வது "தற்கூற்று வாகை". 1941இல் அசோசியேட்டட் பிரஸ் வரிசையில் 20ஆம் இடத்தில் இருந்த அலபாமா, அந்த ஆண்டையும் தன் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. 2017இல் 13 ஆட்டங்களிலும் தோற்காத மத்திய புளோரிடா, நான்கு அணிகள் மட்டும் மோதிய நால்வர் சுற்றில் இடம் கிடைக்காததால் தன்னையே சாம்பியன் என்று அறிவித்து ஊர்வலமும் போனது. ஒரு கணினித் தரவரிசை அதற்கு முதலிடம் தந்திருந்ததால் என்சிஏஏ பதிவேடும் அதைக் குறித்துக்கொண்டது. அலபாமாவின் கோரிக்கையை விட இதற்கு எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு.

அன்புடன்,
முன்மொழிந்தவன்

---

ஐயா,

வாக்கு வாகை, இருவாகை இரண்டும் சரி. "கள வாகை"யில்தான் தயக்கம். சேர்த்து எழுதிவிட்டால் களவு நினைவுக்கு வரும். புளோரிடா ஸ்டேட் ரசிகர்கள் அதுவே பொருத்தம் என்பார்கள். 2023இல் தேர்வுக்கு முன் 13-0 என்று நின்ற அணி அது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் முதன்மைக் குவார்ட்டர்பேக் காயம்பட்டார் என்பதால், வாக்களித்து நான்கு அணிகளைப் பொறுக்கிய 13 பேர் குழு அதை ஐந்தாவதாகத் தள்ளிவிட்டது. 2014இல் நால்வர் சுற்று வந்த பிறகும் வாசலில் வாக்குதான் நிற்கிறது.

---

அம்மா,

வாசலில் நிற்பது வாக்கு என்பது உண்மை. முடிவைச் சொல்வது ஆட்டம். பெயரை முடிவுக்குத்தானே வைக்கிறோம்? இடைவெளி விட்டே எழுதுவோம், களவுப் பழி வராது.

ஒன்று மிச்சம் இருக்கிறது. வரைவுப் பட்டியலில் "சீட்" (seed, ஓர் அணி போட்டிக்குள் நுழையும்போது பெறும் எண்) என்பதற்கு யாரோ "விதை" என்று போட்டிருக்கிறார்கள். அதை எடுத்துவிடலாம். "தரவரிசை எண்" என்பதும் ஆகாது. 2024இல் நால்வர் சுற்று விரிந்து 12 அணிகள் ஆடியபோது முதல் நான்கு இடங்களைப் பிரிவு வாகையருக்கே ஒதுக்கினார்கள். தரவரிசையில் 9ஆம் இடத்திலிருந்த பாய்சி ஸ்டேட் அதனால் 3ஆவதாக நுழைந்தது. 6ஆம் இடத்து ஓஹையோ ஸ்டேட் 8ஆவதாக நுழைந்து, நோட்டர் டேமை 34-23 என வென்று கள வாகை சூடியது. இரண்டு எண்களும் வேறு வேறு. "நுழைவு எண்" என்று வைக்கலாமா? டென்னிஸ் பட்டியல் பார்ப்பவர்களும் சொல்லுங்கள்.