மஞ்சக்குப்பம் வீடு: குடும்பக் குழு

சனிக்கிழமை

கதிர் டெக்சாஸ் (இரவு 7:42): பெரியப்பா, சாப்பிட்டாச்சா? ஒரு லேத் வேலை பற்றி உங்களிடம் கேட்க வேண்டும். என் ரைஃபிளின் குழல் தேய்ந்துவிட்டது, எப்படியும் புதிது போட வேண்டும். குழலைக் கழற்றும்போதே ஆக்ஷனையும் சீர் செய்துவிடலாம், 350 டாலர் ஆகும் என்கிறார் துப்பாக்கி பழுது பார்க்கும் கன்ஸ்மித். கிளப் நண்பர்கள், அந்த ஃபேக்டரி ஆக்ஷனே வேண்டாம், 1,400 டாலர் கொடுத்து கஸ்டம் ஆக்ஷன் வாங்கு என்கிறார்கள். ஒரு வாரமாக இதே யோசனை.

புதுச்சேரி அத்தை (7:44): 1,400 டாலர் என்றால் ஒரு லட்சத்துக்கு மேல் வருகிறதே கதிர். முழுத் துப்பாக்கியும் அந்த விலையா?

கதிர் டெக்சாஸ் (7:45): இல்லை அத்தை. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டும், அது ஓடுகிற உருளைக் கூடும் மட்டும்தான் ஆக்ஷன். குழல், கட்டை, ட்ரிகர் எல்லாம் தனி.

புதுச்சேரி அத்தை (7:46): குழந்தை இருக்கிற வீடு. பூட்டி வைத்திருக்கிறாய் அல்லவா?

கதிர் டெக்சாஸ் (7:46): இரும்புப் பெட்டியில் இருக்கிறது அத்தை. தோட்டா வேறு அறையில், வேறு பூட்டு.

நெய்வேலி பெரியப்பா (7:51): என்ன ரைஃபிள்? ஆக்ஷன் வெளிப்பக்கம் உருண்டையா, தட்டையா?

கதிர் டெக்சாஸ் (7:53): ரெமிங்டன் 700, .308 தோட்டா. உருண்டை. 1962இல் வந்த மாடல். அதற்கு முன் 1948இல் வந்த 721, 722 இரண்டின் வழியில் செய்தது. நிறைய, மலிவாகச் செய்வதற்காகவே உருளைக் கம்பியிலிருந்து கடைந்தார்களாம். பின்னுதைப்பைத் தாங்கும் ரீகாயில் லக் கூட தனியாக ஒரு கனமான வாஷர் போல, குழலுக்கும் ஆக்ஷனுக்கும் நடுவில் நிற்கும்.

நெய்வேலி பெரியப்பா (8:09): உருண்டை என்றால் நல்லது. சுரங்க ஒர்க்‌ஷாப்பில் 31 வருஷம் நின்றவன் சொல்கிறேன், உருண்டையை லேத்தில் மையம் பிடிப்பது போல் சுலபம் வேறு இல்லை. கன்ஸ்மித் செய்யப்போவது என்ன என்று எனக்குப் புரிகிறது. போல்ட் ஓடும் துளைக்குள் மாண்ட்ரல் என்கிற நேர்த் தண்டை விட்டு, கோணலைக் காட்டும் டயல் வைத்து, அந்த அச்சையே ஆதாரமாகக் கொள்வார். அப்புறம் குழல் வந்து உட்காரும் முகப்பை அந்த அச்சுக்குச் செங்குத்தாக ஒரு சீவு. உள்ளே மரையை லேசாகத் திரும்ப வெட்டுவார். போல்ட்டின் முனையில் பூட்டிக்கொள்ளும் இரண்டு லக்கும், அதாவது புடைப்புகளும், போய் உட்காரும் இருக்கைகளைச் சமன் செய்வார். போல்ட்டின் முகத்தையும் நேராக்குவார். எல்லாம் ஒரே அச்சில் வரவேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஃபேக்டரியில் பெரும்பாலும் வெட்டிய பிறகு சூடேற்றிக் கடினப்படுத்துவார்கள். சூட்டில் எஃகு கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். கஸ்டம்காரன் கடினப்படுத்தின பிறகு கடைசிச் சீவு எடுப்பான், அதனால் அவன் விலை அதிகம். அந்த விலையில் குற்றம் சொல்ல மாட்டேன்.

கதிர் டெக்சாஸ் (8:12): அப்படியானால் சீர் செய்தால் கஸ்டமுக்குச் சமமாகிவிடுமா?

நெய்வேலி பெரியப்பா (8:20): நெருங்கும். சமமாகாது. போல்ட்டுக்கும் துளைக்கும் நடுவில் ஃபேக்டரி விட்ட இடைவெளி அப்படியே இருக்கும். புது போல்ட் போட்டோ, போல்ட்டுக்கு உறை மாதிரி வளையம் போட்டோ அதைக் குறைக்கலாம். ஆனால் அப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் கஸ்டம் விலையில் போய் நிற்பாய். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முதலில் ஒரு வேலை செய். தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார். லக் இரண்டின் பின்பக்கத்திலும் கருப்பு மார்க்கர் தடவு. போல்ட்டை இருபது முறை மூடித் திற. மை எங்கே தேய்ந்திருக்கிறது என்று போட்டோ அனுப்பு. ஃபிட்டர்கள் நாங்கள் எங்கே படுகிறது என்று நீல மை தடவிப் பார்ப்பது போல.

வக்கீல் சித்தப்பா (8:24): கதிர், உன் ஊர்ச் சட்டப்படி நீ செய்துகொள். அண்ணே, ஆர்வத்தில் இங்கே உங்கள் நண்பர் பட்டறையில் யாருக்காவது இதைச் செய்து கொடுத்துவிடாதீர்கள். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், 5ஆம் பிரிவு. துப்பாக்கியைப் பழுது பார்க்க, மாற்றியமைக்கக் கூட உரிமம் வேண்டும்.

நெய்வேலி பெரியப்பா (8:25): தெரியும் தம்பி. தொடக்கூட மாட்டேன். வாயால் சொல்வதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை

கதிர் டெக்சாஸ் (காலை 6:15): 📷 பெரியப்பா, பாருங்கள். கீழ் லக் முழுக்கத் தேய்ந்திருக்கிறது. மேல் லக்கில் மை அப்படியே இருக்கிறது. ஒரே லக்தான் தாங்குகிறது போல. மனசே விட்டுப்போச்சு.

நெய்வேலி பெரியப்பா (6:31): ட்ரிகர் மாட்டியிருந்தாயா? போல்ட்டுக்குள் ஸ்பிரிங்கும் தோட்டாவை அடிக்கும் ஊசியும் இருந்ததா?

கதிர் டெக்சாஸ் (6:32): ஆமாம், எல்லாம் மாட்டித்தான் இருந்தது.

நெய்வேலி பெரியப்பா (6:40): என் மேல்தான் தப்பு, சொல்லியிருக்க வேண்டும். போல்ட்டை மூடும்போது ஊசியின் பின்பகுதி, ட்ரிகரில் அதைப் பிடித்து நிறுத்தும் சியர் மேல் ஏறி உட்காருகிறது. ஸ்பிரிங் அழுத்தத்தில் அது போல்ட்டின் வாலை மேலே தூக்கும். வால் மேலே போனால் மூக்கு கீழே சாயும், மேல் லக் இருக்கையை விட்டு முன்னால் விலகும். லக் கோணலா, வால் தூக்கலா என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ட்ரிகரையும் ஊசியையும் கழற்றிவிட்டு, போல்ட்டைப் பின்னுக்கு லேசாக இழுத்துப் பிடித்தபடி மறுபடி செய்.

கதிர் டெக்சாஸ் (7:28): 📷 நம்பவே முடியவில்லை! மேல் லக்கில் பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறது. கீழே முக்கால்.

நெய்வேலி பெரியப்பா (7:33): ஃபேக்டரி வேலைக்கு இது மோசமில்லை. கொஞ்சம் தேய்த்துக் கொடுத்தால் போதும். அளவுக்கு மீறித் தேய்த்தால் போல்ட் பின்னால் போய் ஹெட்ஸ்பேஸ், அதாவது தோட்டாவுக்கும் போல்ட் முகத்துக்கும் உள்ள இடைவெளி, கூடிவிடும். ஆனால் உனக்குப் புதுக் குழல் வருகிறதே, கோ கேஜ் என்கிற அளவுக் கட்டையை வைத்து ஹெட்ஸ்பேஸை முதலிலிருந்து அமைப்பார். அதனால் இந்த வேலைக்குச் சரியான நேரம் இதுதான்.

யாழினி (9:05): கதிர் அண்ணா, நான் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் மட்டும்தான் சுடுகிறேன், அதனால் ஆக்ஷன் பற்றிப் பேசத் தகுதியில்லை. எங்கள் போட்டி ரைஃபிள் ஃபேக்டரியிலிருந்தே முடிந்த வேலையாக வந்துவிடும். ஆனால் ஒன்று தெரியும். .22 ரைஃபிளில் 50 மீட்டர் சுடுகிறவர்கள் துப்பாக்கியை விட தோட்டாவின் லாட் எண்ணுக்குத்தான், அதாவது எந்தத் தொகுப்பில் செய்தது என்பதற்குத்தான், அலைவார்கள். ஈலி, லபுவா இரண்டு கம்பெனியிலும் சோதனைக் கூடம் வைத்திருக்கிறார்கள். வீரர்கள் ரைஃபிளைக் கொண்டுபோய், லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து, பொருந்துகிற லாட்டை வாங்கி வருவார்கள். 50 மீட்டர் இலக்கில் பத்தாம் வளையமே 10.4 மில்லிமீட்டர்தான், அதற்காக இவ்வளவு பாடு.

புதுச்சேரி அத்தை (9:07): உன்னுடையது எவ்வளவு பாப்பா?

யாழினி (9:08): அரை மில்லிமீட்டர் புள்ளி அத்தை. அதில்தான் நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கினார். அந்தச் செய்தியை இப்போதும் என் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கதிர் டெக்சாஸ் (இரவு 8:02): யாழினி, நீ சொன்னதைப் படித்துவிட்டு ஒரு கணக்குப் போட்டேன். நான் சுடுவது எஃப்-டிஆர் என்கிற நெடுந்தூரப் போட்டிப் பிரிவு. .223, .308 இரண்டுக்கு மட்டும்தான் அனுமதி. 1,000 கஜத்தில் பத்தாம் வளையம் 10 அங்குலம், நடு எக்ஸ் வளையம் 5 அங்குலம். ஆக்ஷனைச் சீர் செய்வதால் எனக்குக் கிடைக்கப்போவது அதிகம் போனால் இரண்டு மூன்று அங்குலம். பக்கக் காற்றை மணிக்கு ஒரே ஒரு மைல் தப்பாகக் கணித்தால் .308 தோட்டா ஏழெட்டு அங்குலம் தள்ளிப் போகும்! போன மாதம் நான் இழந்த புள்ளிகள் முக்கால்வாசியும் இடம் வலமாகத்தான் போயின. உயரத்தில் குண்டுகள் நெருக்கமாகவே விழுந்தன.

முதுநகர் மாமா (8:10): காற்று பற்றியா பேச்சு? இங்கே கோடையில் காலையில் மேற்கிலிருந்து கச்சான், மதியத்துக்கு மேல் கடல்காற்று. இரண்டில் எது அடித்தாலும் படகுக்காரன் சமாளிப்பான். ஒன்று ஓய்ந்து அடுத்தது வருகிற அந்த அரைமணி நேரத்தில்தான் கணக்கு தப்பும். உன் மைதானத்திலும் அந்த நேரத்தைக் கண்டுபிடி கதிர்.

கதிர் டெக்சாஸ் (8:12): மாமா, அப்படியே உண்மை! எங்களுக்கு அது காலை பத்தரை வாக்கில் வரும். கொடிகள் ஒவ்வொன்றும் ஒரு திசை காட்டும். அந்த நேரத்தில் அவசரப்பட்டுச் சுட்டுவிடுகிறேன்.

நெய்வேலி பெரியப்பா (8:26): இப்போது என் முடிவைச் சொல்கிறேன், கேள். கையில் ஒன்றுமில்லாமல் புதிதாகத் தொடங்குகிறவன் கேட்டிருந்தால், நானே கஸ்டம் வாங்கு என்று சொல்லியிருப்பேன். ஃபேக்டரி ரைஃபிள் வாங்கி, அதன் குழலையும் கட்டையையும் கழற்றி எறிந்து, மிச்ச ஆக்ஷனுக்குக் கூலி கொடுப்பது வீண் செலவு. சீர் செய்த கூலி விற்கும்போது திரும்ப வராது, கஸ்டம் ஆக்ஷனுக்கு ஓரளவு விலை நிற்கும். ஆனால் உன் கையில் நல்ல ஆக்ஷன் இருக்கிறது, மை அதைச் சொல்லிவிட்டது. முகப்பு, மரை, லக் இருக்கை, போல்ட் முகம். இந்த நாலோடு நிறுத்து. ரீகாயில் லக் மட்டும் இரு பக்கமும் இணையாகக் கிரைண்ட் செய்ததாக வாங்கிப் போடு. மிச்சப் பணத்தைக் குழலில் போடு, தோட்டாவில் போடு, அந்தப் பத்தரை மணிக் காற்றில் போடு.

கதிர் டெக்சாஸ் (8:31): கிளப்பில் சொல்கிற ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. கஸ்டம் ஆக்ஷனெல்லாம் ஒரே அளவில் வருவதால், மரை வெட்டி முடித்த குழலைத் தபாலில் வாங்கி வீட்டிலேயே திருகிக்கொள்ளலாமாம். என்னுடையதை ஒவ்வொரு முறையும் கன்ஸ்மித்திடம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும்.

நெய்வேலி பெரியப்பா (8:37): அது நிஜமான வசதி, நான் மறுக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு குழல் தேய்க்கிற அளவுக்கு நீ சுட ஆரம்பித்தால் அப்போது வாங்கு. அந்த கஸ்டம் பலவும் 700இன் அடித்தட அளவிலேயே வருகிறது என்று நீதானே ஒருமுறை சொன்னாய்? உன் கட்டையும் ட்ரிகரும் அதற்கும் பொருந்தும், இப்போது போட்ட பணம் எதுவும் கெடாது.

கதிர் டெக்சாஸ் (8:39): சரி பெரியப்பா, முடிவு செய்துவிட்டேன். வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

நெய்வேலி பெரியப்பா (8:40): சீவுவதற்கு முன்னால் டயலில் எத்தனை காட்டியது என்று எழுதி வாங்கு. வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே.

மூன்று வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை

கதிர் டெக்சாஸ் (காலை 6:48): 📷 பெரியப்பா, கன்ஸ்மித் கையால் எழுதிய சீட்டு. முகப்பு இரண்டரை தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கோணல். லக் இருக்கை ஒரு தௌ. மரை அச்சை விட்டு மூன்று தௌ விலகல். இப்போது டயல் முள் அசையவில்லையாம்.

நெய்வேலி பெரியப்பா (6:50): மூன்று தௌவா? அப்படியானால் மரையைத் திரும்ப வெட்டியது நல்லதாகப் போயிற்று. குழல் எப்போது ஏறுகிறது?

கதிர் டெக்சாஸ் (6:51): ஏற்றியாச்சு. நாளைக் காலை பத்தரைக்கு மைதானத்தில் இருப்பேன். மாமாவிடம் சொல்லுங்கள்.