நோவா என்ற பெயரோடு உங்களுக்கு நேர்ந்த அனுபவம் என்ன?

பேர்ன், சுவிட்சர்லாந்து

சென்ற வைகாசியில் என் மகளுக்கு இங்கே ஆண் குழந்தை பிறந்தது. கேட்டை நட்சத்திரம். சாத்திரியார் தொலைபேசியில் நோ, ய, யி, யு என்று நான்கு எழுத்துகளைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். யுகன் என்று வைக்கலாம் என்று நான் சொன்னேன். அதை இங்கே ஆங்கில வை (Y) எழுத்தில் தொடங்கி எழுதுவதா, ஜெர்மன் வழக்கப்படி ஜெ (J) எழுத்தில் தொடங்கி எழுதுவதா என்று மகளும் மருமகனும் இரண்டு நாள் வாதாடினார்கள். ஜெ போட்டால் லண்டனில் இருக்கும் சித்தப்பா குடும்பம் ஜுகன் என்று வாசிக்கும். மூன்றாம் நாள் மருமகன், "நோ எழுத்தில் ஒரு பெயர் இந்த ஊரிலேயே இருக்கிறதே" என்று சொல்லி, நோவா என்று முடிவு செய்தார். அது வேதாகமத்தில் பெருவெள்ளத்திலிருந்து பேழை கட்டித் தப்பியவரின் பெயர்; நாங்களோ சைவர்கள். நட்சத்திர எழுத்து பொருந்தியது, வகுப்பு ஆசிரியையின் வாயிலும் சிதையாது என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு காரணம் இருக்கவில்லை.

எண்பத்தாறு வயதான என் தாயாரிடம் பூட்டப்பிள்ளையின் பெயரைச் சொன்னபோது அவர் திடுக்கிட்டு, "நோவோ? ஆருக்கு நோ?" என்று கேட்டார். இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: யாழ்ப்பாணத்தில் வலியை நாங்கள் நோ என்போம். தலை நோ, கால் நோ. பிறந்த பிள்ளைக்கு வலியைப் பெயராக வைப்பார்களா என்பது அவருடைய வருத்தம்.

இந்த நாட்டின் புள்ளிவிவர அலுவலகம் வெளியிட்ட பட்டியலில் 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண் குழந்தைகளுக்கு இட்ட பெயர்களில் நோவாதான் முதலிடம். அமெரிக்காவிலும் 1999 முதல் 2012 வரை முதலிடத்தில் இருந்த ஜேக்கப் என்ற இன்னோர் எபிரேயப் பெயரை இறக்கிவிட்டு, 2013 முதல் 2016 வரை இதுவே முன்னால் நின்றது. இவற்றையெல்லாம் சொல்லிப் பார்த்தேன்; அம்மா சமாதானமாகவில்லை. பெயரின் உண்மையான பொருளைச் சொன்னால் சமாதானமாவாரோ என்னவோ. இந்தப் பெயரோடு பழகியவர்கள் எழுதுங்கள்.

* * *

பாளையங்கோட்டை

ஐயா, உங்கள் தாயாரின் கேள்வியை நான் இரண்டு முறை வாசித்தேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தமிழாசிரியராக ஓய்வு பெற்ற பின்பு, எங்கள் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் படியெடுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டேன். நீல மையில் எழுதி, ஓரங்கள் பழுப்பேறிப்போன அந்தத் தாள்களில் சாமுவேலும் தானியேலும் ஆபிரகாமும் பக்கத்துக்குப் பக்கம் வருகிறார்கள்; மோசேகூட அவ்வப்போது வருகிறார். ஆனால் நான் படியெடுத்த ஏடுகளில் ஒரு நோவாவைக்கூட நான் பார்த்ததில்லை. வெள்ளம் வடிந்த பின்பு அவர் திராட்சத் தோட்டம் நாட்டி, அதன் ரசத்தைக் குடித்து, கூடாரத்துக்குள் வஸ்திரம் விலகிக் கிடந்ததாக வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரம் சொல்கிறது. அதை வாசித்த பிறகு எந்தத் தகப்பன் அந்தப் பெயரை வைப்பான் என்று எங்கள் ஐயர்மார், அதாவது சபைப் போதகர்கள், வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சென்ற பத்து ஆண்டுகளில் நிலைமை மாறிவிட்டது; வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து ஞானஸ்நானம் கொடுக்கும்போது நோவாக்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். இவர்களில் பெரும்பாலோர் வேதத்தைத் திறந்து பார்த்து இந்தப் பெயரை எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பொருளுக்கு வருகிறேன். எபிரேயத்தில் இந்தப் பெயருக்கு நூன், ஹேத் என்ற இரண்டே எழுத்துகள். இளைப்பாறுதலைக் குறிக்கும் வேர்ச்சொல்லோடு இவை பொருந்துகின்றன. ஆனால் பெயரிட்ட தகப்பனாகிய லாமேக்கு சொல்லும் காரணம் வேறு. கர்த்தர் சபித்த பூமியில் நமக்கு உண்டான வேலையிலும், நம்முடைய கைகளின் பிரயாசத்திலும் இவன் நம்மைத் தேற்றுவான் என்கிறார். தேற்றுதலைக் குறிக்கும் எபிரேய வேரில் மகர ஒலியும் சேர்ந்து வரும். அப்படிப் பார்த்தால் பிள்ளைக்கு நாகூம், மெனாகேம் என்பது போல அல்லவா பெயர் வந்திருக்க வேண்டும்? இதைப் பழைய யூத ரபீக்களே கவனித்து, விளக்கத்துக்கும் பெயருக்கும் ஒட்டவில்லையே என்று கேட்டு வைத்திருக்கிறார்கள். பதினோராம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி என்ற உரையாசிரியர் இதற்கு அழகான ஒரு வழி கண்டார். தேற்றுவான் என்ற சொல்லைப் பிரித்து, நம்மிடமிருந்து உழைப்பின் பாரத்தை இறக்கி இளைப்பாறச் செய்வான் என்று கொண்டார். நோவா வரும் வரையில் மனிதரிடம் உழுகருவிகள் இல்லை, அவரே அவற்றைச் செய்து கொடுத்தார் என்ற மரபுச் செய்தியையும் சேர்த்துக்கொண்டார். நமக்குப் பேழை செய்தவராக மட்டும் தெரிந்தவர், அந்த உரையில் கலப்பை செய்தவர்.

வெள்ளக் கதை முழுவதிலும் எழுதியவர் இந்தப் பெயரை வைத்துச் சிலேடை ஆடுகிறார் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பேழை அரராத் மலைகளின்மேல் தங்கியது என்ற இடத்திலும், புறா உள்ளங்கால் வைத்து இளைப்பாற இடம் காணவில்லை என்ற இடத்திலும் நோவாவின் பெயருக்குரிய அதே வேர் ஒலிக்கிறது. நோவாவுக்குக் கர்த்தருடைய கண்களில் கிருபை கிடைத்தது என்ற வசனத்தில், கிருபைக்கு உரிய எபிரேயச் சொல் அவர் பெயரின் இரண்டு எழுத்துகளையும் இடம் மாற்றிப் போட்டது. மொழிபெயர்ப்பில் இவையெல்லாம் போய்விடுகின்றன. யாரையும் குறை சொல்ல முடியாது, சிலேடையைப் பெட்டியில் வைத்துக் கடல் கடத்த முடியாது.

இப்போது உங்கள் தாயாரின் கேள்வி. லாமேக்கின் வாக்கில் பிரயாசம் என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரேயத்தில் இருக்கும் சொல், ஏவாளின் பிள்ளைப்பேற்று வேதனைக்கும் ஆதாம் நிலத்தில் படும் வருத்தத்துக்கும் மூன்றாம் அதிகாரத்தில் வரும் அதே சொல். ஆகவே பெயரில் நோவு இல்லை. பெயர் வைத்த காரணத்தில் நோவு இருக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

* * *

காயல்பட்டினம்

எங்கள் காக்காவின், அதாவது அண்ணனின், பெயர் நூஹ்; நோவாவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பழைய முறையில் எழுதுகிறவர்கள் நூகு என்று எழுதுவார்கள். குர்ஆனின் 71ஆவது அத்தியாயம் அந்த நபியின் பெயராலேயே அமைந்தது, 28 வசனங்கள். சிறு வயதில் மதரஸாவில் ஓதியபோது, அவர் தம் மக்களிடையே ஆயிரத்தில் ஐம்பது குறைய ஆண்டுகள் தங்கியிருந்தார் என்ற வசனத்தைக் கேட்டு, காக்காவை எல்லாப் பையன்களும் கிழவர் என்று அழைத்தது நினைவிருக்கிறது. குர்ஆனில் கப்பல் தங்கிய மலையின் பெயர் ஜூதி.

காக்காவின் பள்ளிச் சான்றிதழில் ஆங்கிலத்தில் இரண்டு ஓ எழுத்துகள். கடவுச்சீட்டில் ஒரு யு எழுத்து. இந்த வேறுபாட்டுக்காக ஓர் அலுவலகத்தில் அவர் நான்கு முறை உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டியிருந்தது. லண்டனில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உடன் வேலை செய்தவர்கள் அவரை நோவா ஆக்கிவிட்டார்கள். அவர் மறுக்கவில்லை, ஆள் ஒன்றுதானே என்றார். இங்கிலாந்து, வேல்ஸ் பட்டியலில் 2021, 2022 ஆண்டுகளில் நோவா முதலிடத்தில் இருந்தது, 2023இல் முஹம்மது முதலிடத்துக்கு வந்து நோவா இரண்டாமிடத்துக்கு இறங்கியது. அந்தக் கணக்கில் ஒவ்வோர் எழுத்துக்கூட்டலும் தனித்தனிப் பெயராகக் கொள்ளப்படுவதால், நூஹ் என்று வைத்த பிள்ளைகள் நோவாக்களோடு எண்ணப்படுவதில்லை. "எப்படி எண்ணினால் என்ன, முதல் இரண்டும் நம் வீட்டுப் பெயர்கள்" என்று காக்கா சிரித்தார்.

முஹர்ரம் பத்தாம் நாளையொட்டி அவருடைய துருக்கிய அண்டை வீட்டார் ஒரு கிண்ணத்தில் ஆஷூரே என்ற இனிப்புக் கஞ்சியைக் கொடுத்தார்களாம். கோதுமை, கொண்டைக்கடலை, உலர்ந்த அத்தி, வாதுமை எல்லாம் போட்டுக் காய்ச்சியது. கப்பலில் மிஞ்சிய தானியங்களை ஒன்றாகப் போட்டு நூஹ் நபி சமைத்தது இது என்பது அவர்கள் வழக்கு. காக்காவின் பெயரைக் கேட்டதும் இரண்டாவது கிண்ணமும் வந்துவிட்டது.

* * *

சென்னை

என்னுடையது ஒரு தவற்றின் கதை. மென்பொருள் பணியில் டெல் அவிவ் குழுவோடு சேர்ந்து வேலை செய்தபோது, நோவா என்பவருக்கு மூன்று வாரங்கள் ஆண்பாலிலேயே மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தேன். காணொளிச் சந்திப்பில் திரையில் வந்தவர் ஒரு பெண்மணி. நான் மன்னிப்புக் கேட்க, அவர் சிரித்துக்கொண்டே ஒரு தாளில் இரண்டு பெயர்களையும் எழுதிக் காட்டினார். அவருடைய பெயரில் அயின் என்ற எழுத்து இருந்தது. பேழைக்காரரின் பெயரில் அது இல்லை. ஆண் பெயரை அவர்கள் சொல்லும்போது முடிவில் தொண்டையிலிருந்து ஒரு காறல் ஒலி வருகிறது; நம் எழுத்தில் அதற்கு இடமில்லை. ஆண் பெயருக்குப் பொருள் ஓய்வு; பெண் பெயரின் வேருக்குப் பொருள் அசைவு. கிட்டத்தட்ட நேர் எதிர். இஸ்ரேலில் பல ஆண்டுகளாகப் பெண் குழந்தைகளுக்கு மிகுதியாக இடப்பட்ட பெயர் அதுதான் என்றும், பேழைக்காரரின் பெயரைத் தன் வகுப்பில் ஒரு பையன்கூட வைத்திருக்கவில்லை என்றும் சொன்னார்.

அவர் பெயருக்கு மூலமானவர், தந்தையின் நிலத்தில் பங்கு வேண்டும் என்று மோசேயிடம் வந்து கேட்ட ஐந்து சகோதரிகளில் ஒருத்தி. வீட்டுக்கு வந்து தமிழ் வேதாகமத்தில் எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தைப் பார்த்தேன். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே நோவாள் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு ளகர ஒற்றைச் சேர்த்து, நான் மூன்று வாரங்கள் செய்த தவற்றுக்கு அவர்கள் முன்பே வழி அடைத்திருக்கிறார்கள்.

* * *

பேர்ன், சுவிட்சர்லாந்து

எல்லோருக்கும் நன்றி. பாளையங்கோட்டை ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தேற்றுவான் என்ற சொல்லில் நிறுத்தச் சொல்லி, திரும்ப வாசிக்கச் சொன்னார். கலப்பைச் செய்தி அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. என் தந்தையார் தோட்டம் செய்தவர். கேட்டையில் பிறந்தவன் கோட்டை கட்டுவான் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள், இந்தப் பெயர்க்காரர் முந்நூறு முழத்தில் கப்பலல்லவா கட்டியிருக்கிறார் என்று நான் சொன்னதற்கு, "அப்ப சரி" என்றார்.

நேற்று குழந்தைக்குத் தடுப்பூசி போட்டு வந்தார்கள். தொடை சிவந்து, வீறிட்டு அழுதுகொண்டிருந்தவனை மடியில் வாங்கி, ஊசி குத்திய இடத்தைச் சுற்றி மெல்லத் தடவியபடியே அம்மா, "நோவா, நோவோ ராசா? நோவோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இவற்றில் எது பெயர், எது கேள்வி என்று மருமகன் என்னைப் பார்த்தார்.