பெங்களூரு வாடகை வீடு: ஏஜென்ட்டிடம் விட்டவர்கள், தாங்களே பார்த்துக்கொள்பவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கோவைக்கு மாறியவர்:
மாரத்தஹள்ளியில் 2 பிஎச்கே ஃபிளாட் ஒன்று. நாங்கள் கோவைக்கு வந்துவிட்டோம். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு கம்பெனி மாத வாடகையில் 8 சதவீதமும் ஜிஎஸ்டியும் கேட்கிறது. ஆள் பிடித்துக் கொடுக்க 15 நாள் வாடகை தனி. என் வீட்டுக்காரர் "எல்லாம் போன்லயே முடிஞ்சுடும், எதுக்குத் தண்டம்" என்கிறார். எனக்குத்தான் யோசனையாக இருக்கிறது.

பெல்லந்தூர் ஓனர்:
மேடம், முதலில் கணக்கைப் போட்டுவிடுங்கள். வாடகை 32,000 என்று வைத்தால் 8 சதவீதம் 2,560. வருஷத்துக்கு 30,720. 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 36,250 பக்கம் வரும். ஆள் மாறுகிற வருஷம் என்றால் மேலே 16,000. ஆக ஒன்றரை மாச வாடகை தாண்டிவிடுகிறது. சரி, செலவுதானே, வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வாடகை வருமானத்தில் கட்டின சொத்து வரி போக மிச்சத்தில் 30 சதவீதம் கழிவு தருகிறார்கள், அவ்வளவுதான். ஏஜென்ட்டுக்குக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அதே 30தான். வீட்டுக்கடன் வட்டி வேறு கணக்கு.

இவ்வளவுக்கும் மாசாமாசம் அவர்களுக்கு என்ன வேலை? வாடகை யுபிஐ-யில் நேராக நம் கணக்குக்கு வருகிறது. மெயின்டெனன்ஸை அசோசியேஷன் ஆப்பில் குடியிருப்பவரே கட்டிவிடுகிறார். ஏஜென்ட் வேண்டியிருப்பது ஆள் காலி செய்து வேறு ஆள் வரும்போதும், எதாவது உடையும்போதும்தான்.

அந்த உடைகிற விஷயத்தில்தான் எங்களுக்குக் கசந்தது. பாத்ரூம் லீக், கீழ் வீட்டு சீலிங் ஊறுகிறது என்று 9,500க்கு ஒரு பில் வந்தது. கூடவே போட்டோ. போட்டோவில் நீல டைல்ஸ், கண்ணாடித் தடுப்பு போட்ட ஷவர். எங்கள் பாத்ரூம் தரையிலிருந்து மேல்வரை வெள்ளை, கண்ணாடி கிண்ணாடி எதுவும் கிடையாது. போன் போட்டுக் கேட்டால், "சார், பையன் போட்டோ மாத்தி அனுப்பிட்டான்." சரியான போட்டோ இன்றுவரை வரவில்லை. குடியிருந்த தெலுங்குப் பையனிடமே கேட்டேன். "டேப்புக்கு வாஷர் போட்டுட்டுப் போனாங்க அங்கிள், வேற எதுவும் செய்யல" என்றான். பில் ஏன் 9,500 என்று ஒப்பந்தத்தைப் புரட்டினால் விஷயம் தெரிந்தது. 10,000க்குள் ரிப்பேர் என்றால் ஓனரைக் கேட்கத் தேவையில்லை என்று ஒரு வரி. உங்களுக்கு வந்திருக்கும் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா, எத்தனை ரூபாய் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இப்போது ஆள் மாறும்போது மட்டும் லோக்கல் புரோக்கர். அட்வான்ஸ் நேராக என் கணக்குக்கு. பிளம்பர் நம்பர் அபார்ட்மென்ட் செக்யூரிட்டியிடம் வாங்கினேன். வேலை முடிந்ததும் குடியிருப்பவர் வீடியோ காலில் காட்டுவார், பிறகுதான் பணம்.

அல்சூர் அத்தை:
நாங்க புரோக்கரையே உள்ள விடுறதில்ல. சோமேஸ்வரர் கோயில் பக்கம் பழைய வீடு, மாடியில மூணு போர்ஷன். டு-லெட் போர்டு மாட்டினா சாயங்காலத்துக்குள்ள ஆள் வந்து நிப்பாங்க. பக்கத்துலயே இருக்கிறவங்களுக்கு ஏஜென்ட் எதுக்குப்பா?

ஆனா தலைவலி இல்லாம இல்ல. 2023ல கர்நாடக அரசோட கிருஹ ஜோதி திட்டம் வந்துச்சுல்ல, 200 யூனிட் வரைக்கும் கரென்ட் இலவசம்னு. வாடகைக்கு இருக்கிறவங்களும் அவங்க ஆதாரைக் குடுத்து மீட்டரோட சேர்த்துக்கலாம். ஒரு குடும்பம் அதை எடுத்து விடாமலே காலி பண்ணிப் போயிடுச்சு. புதுசா வந்தவங்க விண்ணப்பம் போட்டா ஏத்துக்கல. பழைய ஆளுக்குப் போன் பண்ணா எடுக்கல. பெஸ்காம் கரென்ட் ஆபீஸ் வாசல்ல நின்னுதான் தீர்ந்துச்சு. இப்பல்லாம் ஆதார் இணைப்பை எடுத்தாச்சுன்னு காட்டினாத்தான் அட்வான்ஸ் கைக்குப் போகும்.

அட்வான்ஸும் முன்ன மாதிரி இல்ல. பத்து மாசம் வாங்கின ஊரு இது. இப்ப அஞ்சு சொன்னாலே முகத்தைச் சுளிக்கிறாங்க. மத்திய அரசு 2021ல கொண்டுவந்த மாதிரிச் சட்டத்துல குடியிருக்கிற வீட்டுக்கு ரெண்டு மாசம்தான்னு இருக்காம், மாநிலம் ஏத்துக்கிட்டாத்தான் செல்லும்னு என் மருமகன் சொல்றான். பெயின்ட்டுக்கு ஒரு மாச வாடகை பிடிக்கிறது மட்டும் மாறவே இல்ல. அதை முதல்லயே எழுதி வாங்கிடுங்க, இல்லன்னா சாவி குடுக்கிற அன்னிக்கு வாசல்ல நின்னு சண்டைதான்.

துபாயிலிருந்து:
பெல்லந்தூர் சார் சொல்வது பெங்களூருக்குப் பஸ் ஏறி வந்துபோகக் கூடியவர்களுக்குச் சரி. எனக்கு ஏஜென்ட் இல்லாமல் ஓடாது. 2024 மார்ச்சில் போர்வெல் வற்றி ஊரே டேங்கருக்கு அலைந்தபோது, ஒயிட்ஃபீல்டில் என் வீட்டில் இருந்தவர்கள் காலி பண்ணக் கிளம்பிவிட்டார்கள். என் ஏஜென்ட்தான் அசோசியேஷன் கூட்டத்தில் போய் உட்கார்ந்து பேசி அவர்களைத் தங்கவைத்தார். அதை நான் இங்கிருந்து வாட்ஸ்அப்பில் செய்திருக்க முடியாது.

ஆனால் ஏஜென்ட் ஒரு விஷயத்தை வாயே திறக்கவில்லை. ஓனர் என்.ஆர்.ஐ. என்றால் வாடகை கொடுப்பவர் 30 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். உள்ளூர் ஓனருக்கு என்றால் மாத வாடகை 50,000 தாண்டினால்தான் குடியிருப்பவர் பிடிக்க வேண்டும், அதுவும் 2024 அக்டோபரிலிருந்து 2 சதவீதம். எங்களுக்கு அந்த வரம்பெல்லாம் கிடையாது. வாடகைக்கு வருபவர் டான் எண் (வரி பிடித்துக் கட்டுபவருக்கான எண்) எடுக்க வேண்டும் என்று தெரிந்ததுமே இரண்டு பேர் வீடு வேண்டாம் என்று போய்விட்டார்கள். ஆடிட்டர்தான் வழி சொன்னார். ஏஜென்ட் சம்பளத்துக்குள் இது வராது, நினைவில் வையுங்கள்.

கே.ஆர்.புரம்:
ஃபீஸ் எவ்வளவு என்பதை விட, சாவியோடு சேர்த்து எதைக் கொடுக்கிறோம் என்று பாருங்கள். எங்கள் லேஅவுட்டில் நடந்தது இது. ஓனர் சென்னையில். "நீங்க ஆள் தேடவே வேண்டாம், மாசம் பிறந்தா வாடகை நாங்க போடுறோம்" என்று ஒரு கம்பெனி வீட்டை எடுத்துக்கொண்டது. ஃபீஸே இல்லை! வாடகையும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. திடீரென்று நின்றது. போனும் எடுக்கவில்லை. நேரில் வந்து கதவைத் தட்டினால் ஒரு குடும்பம். "வாடகையா? நாங்க 14 லட்சம் குடுத்து போக்கியத்துக்கு வந்திருக்கோம்" என்று பத்திரத்தைக் காட்டுகிறார்கள். அவர்களும் ஏமாந்தவர்கள்தான், பணம் வராமல் எப்படிக் கிளம்புவார்கள்? ஓனரும் அவர்களும் ஒரே ஸ்டேஷனில் ஆளுக்கொரு புகார் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெங்களூரில் இந்த மாதிரி ஏகப்பட்டது நடக்கிறது.

அந்தக் கம்பெனி ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைக் காட்டித்தான் நம்பவைத்திருக்கிறது. அது வீடு, மனை விற்பனைக்கு உள்ள பதிவு. வாடகை விவகாரத்துக்கு அதற்குள் பாதுகாப்பு இல்லை. யாரிடம் கொடுத்தாலும், வாடகை ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் கையெழுத்தும் உங்கள் கையெழுத்தும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். உங்கள் சார்பில் கையெழுத்துப் போட அவர்களுக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்காதீர்கள்.

கோவைக்கு மாறியவர்:
எல்லோருக்கும் நன்றி. ஒப்பந்தத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ரிப்பேர் வரி இருக்கிறது, 15,000 வரை கேட்க வேண்டாமாம்! அட்வான்ஸும் அவர்கள் கணக்கில்தான் இருக்குமாம். மாதச் சம்பளம் வேண்டாம், ஆள் பிடித்துக் கொடுங்கள், 15 நாள் வாடகை தருகிறேன் என்று சொன்னேன். முதலில் முடியாது என்றவர்கள் சாயங்காலமே சரி என்று போன் பண்ணிவிட்டார்கள். மாரத்தஹள்ளி, முன்னேகொளலு பக்கம் நம்பிக்கையான பிளம்பர், எலெக்ட்ரீஷியன் யாராவது தெரிந்தால் தனிச்செய்தியில் நம்பர் அனுப்புங்கள். கன்னடம் எனக்குப் புரியும், பேசத்தான் தடுமாறும்.