மலைப்பள்ளியில் தண்டனைக் கணக்கு: சமூகவாரியாக எப்படிப் பார்ப்பது?

நாகலூர் ரோடு:
ஏற்காடு பக்கம் ஒரு பள்ளி மேலாண்மைக் குழுவுக்காகக் கேட்கிறேன். அமெரிக்காவில் 2017–18 கணக்குப்படி கறுப்பின மாணவர்கள் மொத்தத்தில் 15 சதவீதம்தான். ஆனால் இடைநீக்கம் ஆனவர்களில் 38 சதவீதம், பள்ளி சார்ந்து கைதானவர்களில் 32 சதவீதம் அவர்களே. மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் விஷயத்தில் இங்கே இப்படி இருக்கிறதா என்று பார்க்க எந்தப் பதிவேட்டை எடுப்பது? கணக்கு எப்படிப் போடுவது?

குகை மாமா:
அங்கே இடைநீக்கம் என்று எழுதியே அனுப்புறாங்க, அதனால எண்ண முடியுது. நம்ம பள்ளிகளில் அது அந்தப் பேரிலேயே பதிவாகாது. 'அப்பாவைக் கூட்டிட்டு வா'ன்னு திருப்பி அனுப்பின பையனுக்கு வருகைப் பதிவேட்டில் வெறும் ஆப்சென்ட். வெளியே அனுப்பணும்னா டி.சி.யில் 'பெற்றோர் விருப்பம்'. அதனால ஆப்சென்ட், டி.சி. இரண்டையும் வகுப்பாசிரியர் வாயால் காரணம் கேட்டுச் சேர்த்துப் பாருங்க.

கணக்குக்கு ஒரு கற்பனை உதாரணம்: மலையாளிப் பிள்ளைகள் 90 பேரில் 18 பேர் தண்டனை வாங்கினா 20 சதவீதம். மற்றவங்க 150 பேரில் 12 பேர்னா 8 சதவீதம். 20ஐ 8ஆல் வகுத்தா 2.5 மடங்கு.

சறுக்குற இடம் ரெண்டு. ஒரே பையன் அஞ்சு தடவை மாட்டினதை அஞ்சு பேரா எண்ணிடக் கூடாது. சின்னப் பள்ளியில் ரெண்டு பேர் கூடினாலே விகிதம் எகிறிடும், மூணு வருஷத்தைச் சேர்த்துப் போடுங்க.

இன்னொண்ணு, எத்தனை நாள் வகுப்பு போச்சுங்கிறதையும் எண்ணுங்க. டவுன் அப்பா மறுநாளே வந்துடுவார். காப்பித் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போறவர் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் பிடிச்சு வரணும். பையன் நாலு நாள் வீட்டில். உத்தரவு ஒண்ணுதான், தண்டனை ஒண்ணில்லை.

செவ்வாப்பேட்டை:
காரணத்தைத் தனிப் பத்தியில் எழுதுங்கள், விஷயமே அங்கேதான். அமெரிக்க ஆய்வுகளில் வெள்ளைப் பிள்ளைகள் அதிகம் மாட்டியது புகைபிடித்தல், பொருளை உடைத்தல் மாதிரி கண்ணால் பார்க்கிற தப்புகளுக்கு. கறுப்பினப் பிள்ளைகள் மரியாதைக் குறைவு, சத்தம் என்று ஆசிரியர் மனசை வைத்து முடிவாகிற தப்புகளுக்கு. கலிஃபோர்னியா 'வேண்டுமென்றே கீழ்ப்படியாமை' என்று சொல்லி இடைநீக்குவதை 2014இல் மூன்றாம் வகுப்பு வரை தடுத்தது, 2023 சட்டத்தில் பன்னிரண்டு வரை நீட்டியது. உங்கள் பட்டியலில் 'ஜன்னல் உடைப்பு' ஒரு பக்கம், 'திமிர்', 'பேச்சு சரியில்லை' இன்னொரு பக்கம். இரண்டாவதில் மட்டும் விகிதம் ஏறினால் விடை கிடைத்துவிட்டது.

அஸ்தம்பட்டி கோர்ட் வாசல்:
சட்டம்: எட்டாம் வகுப்பு முடிகிறவரை பள்ளியை விட்டு நீக்கக் கூடாது, கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16. அடி, மனத் துன்புறுத்தல் இரண்டுக்கும் பிரிவு 17 தடை. போலீஸ் வந்தால் இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 10: லாக்கப் கிடையாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் அதில் சேராது, மலையில் இதைச் சொல்லி இழுப்பார்கள். 2016 மாதிரி விதிகள், விதி 8: கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இல்லாவிட்டால் எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது, நாட்குறிப்பில் பதிந்து சமூகப் பின்னணி அறிக்கை அனுப்பினால் போதும். பென்சில் பாக்ஸ் திருட்டுக்கெல்லாம் ஸ்டேஷன் எதற்கு?

நாகலூர் ரோடு:
நன்றி. சமூகம் வாரியாகப் பிரிக்கும்போது பேர் வேண்டுமா?

குகை மாமா:
வேண்டவே வேண்டாம். தலைமை ஆசிரியர் எண்ணிக்கையை மட்டும் எழுதித் தரட்டும். பேரோட பட்டியல் வாட்ஸப் குழுவில் ஏறிச்சுன்னா அது தனி வில்லங்கம்.