மொபைல் நம்பரை பிரைமரி கீயாக வைக்கலாமா?

அல்சூர்வாசி:
பெங்களூரு அல்சூர் பக்கம் தண்ணி கேன் சப்ளை செய்கிற ஓர் அண்ணாச்சிக்கு சின்னதாக ஒரு ஆப் எழுதிக்கொண்டிருக்கிறேன். டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். இதுவரை எல்லாக் கணக்கும் நோட்டில்தான். அண்ணாச்சி யாரைத் தேடினாலும் மொபைல் நம்பரை வைத்துத்தான் தேடுகிறார், அதனால் வாடிக்கையாளர் டேபிளுக்கு அதையே பிரைமரி கீயாக (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பு) வைத்து, சப்ளை டேபிளில் ஃபாரின் கீயாகவும் (எந்த வாடிக்கையாளர் என்று சுட்டும் மதிப்பு) போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். கூட வேலை பார்க்கும் நண்பரோ எல்லா டேபிளுக்கும் யூயூஐடி (எங்கே உருவாக்கினாலும் இன்னொன்றோடு மோதாத நீண்ட குறியீடு) வை, வேறு எதையும் யோசிக்காதே என்கிறார். எது சரி? சப்ளை டேபிளுக்கு எதைக் கீயாக வைப்பது என்றும் புரியவில்லை.

மடிவாளா டிபிஏ:
நம்பர் வேண்டவே வேண்டாம். நிறுத்தப்பட்ட மொபைல் நம்பரை 90 நாள் கழிந்தபின் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம், அப்புறம் பழைய ஆளின் பாக்கி புது ஆள் தலையில் விழும். ஆன் அப்டேட் கேஸ்கேட் போட்டால், நம்பரை மாற்றும்போது மற்ற டேபிளிலும் தானே மாறிவிடும், சரி, ஆனால் ஏற்கெனவே அடித்துக் கொடுத்த பில்லிலும் எக்ஸெல்லிலும் யார் போய் மாற்றுவது? வெளி ஆள் தரும் குறியீடு எதுவானாலும் இந்தக் கதிதான். சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரலில் கனரா வங்கியோடு இணைந்தது, 2021 ஜூலையிலிருந்து அதன் பழைய ஐஎஃப்எஸ்சி கோடு எதுவும் செல்லாமல் போனது. நம் ஊரையே பாருங்கள், வார்டுகளோடு ஒரே மாநகராட்சியாக இருந்தது 2025-ல் ஐந்தாகிவிட்டது. பழைய வார்டு எண்ணைக் கீயாக வைத்திருந்தால் என்ன ஆகும்?

பிக்இன்ட் (பெரிய முழு எண்) வகையில், ஆட்டோ இன்கிரிமென்ட்டாக (தானே கூடிக்கொண்டு போகும்) ஓர் ஐடி. அவ்வளவுதான்.

யூயூஐடி பற்றி: இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சின்) பதிவுகளை பிரைமரி கீயின் வரிசைப்படியே அடுக்குகிறது, மற்ற ஒவ்வொரு இண்டெக்ஸிலும் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) அந்தக் கீயின் நகல் போய் உட்காரும். பிக்இன்ட் 8 பைட், யூயூஐடியை பைனரியாக வைத்தாலே 16, எழுத்தாக வைத்தால் 36. வெர்ஷன் 4 என்றால் மதிப்பு தாறுமாறாக வரும், பேஜ்கள் (பதிவுகளை அடுக்கி வைக்கும் துண்டுகள்) நடுவில் பிளந்துகொண்டே இருக்கும். வெர்ஷன் 7 நேர வரிசையில் வருவதால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும், இருந்தாலும் உங்களுக்கு அது தேவையில்லை.

கே.ஆர்.புரத்துக்காரி:
மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஐடி வைத்ததும் வேலை முடிந்தது என்று நிறுத்திவிடாதீர்கள். ஒரே வீட்டை இரண்டு முறை பதிந்தால் இரண்டு ஐடி கிடைக்கும், டேட்டாபேஸ் வாயைத் திறக்காது. அதைத் தடுப்பது யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட்தான் (ஒரே மதிப்பு இரண்டாம் முறை வரக்கூடாது என்ற கட்டுப்பாடு), எந்த ஃபீல்டின் மேல் போடுவது என்பதை அண்ணாச்சியிடம்தான் கேட்க வேண்டும். அவருக்கு வாடிக்கையாளர் என்றால் ஆளா, கதவா? அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் ஒருவரே நான்கு வீட்டுக்குச் சேர்த்து கேன் சொல்வார், அங்கே மொபைல் நம்பரில் யூனிக் போட்டால் இரண்டாவது வீட்டையே சேர்க்க முடியாது.

அல்சூர்வாசி:
கேட்டேன் அக்கா. கணக்கு கதவுக்குத்தானாம். அப்படியானால் கட்டடம், வீட்டு எண் இரண்டையும் சேர்த்து யூனிக் போட்டால் போதுமா?

கே.ஆர்.புரத்துக்காரி:
போதும், ஆனால் தனி வீடுகளுக்கு வீட்டு எண் இருக்காதே, அங்கே நல் (null, மதிப்பே இல்லை என்ற குறி) விட்டுவிடாதீர்கள். மைஎஸ்க்யூஎல் ஒரு நல்லை இன்னொரு நல்லுக்குச் சமமாகப் பார்க்காது, யூனிக் இருந்தும் ஒரே கட்டடம் எத்தனை தடவை வேண்டுமானாலும் உள்ளே வரும். நாட் நல் போட்டு காலி ஸ்ட்ரிங் வையுங்கள். பி-204, பி204 இரண்டும் வேறு வேறாகத்தான் சேரும், சேமிக்கும் முன்பே ஆப்பில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

சப்ளை டேபிளில் வீடு, தேதி இரண்டையும் சேர்த்து யூனிக் போடத் தோன்றும், போடாதீர்கள், விருந்தாளி வந்தால் சாயங்காலம் இன்னொரு கேன் கேட்பார்கள். நீங்கள் தடுக்க வேண்டியது வேறு: பேஸ்மெண்டில் சிக்னல் இல்லாமல் பையன் பட்டனை இரண்டு தடவை அழுத்துவது. டெலிவரி திரை திறக்கும்போதே ஆப் ஒரு யூயூஐடி உருவாக்கி அனுப்பட்டும், அந்த ஃபீல்டுக்கு யூனிக் போடுங்கள், இரண்டாவது அழுத்தல் அங்கேயே நின்றுவிடும். நண்பர் சொன்ன யூயூஐடிக்கு உங்கள் ஸ்கீமாவில் (டேபிள் அமைப்பில்) இடம் இதுதான், பிரைமரி கீ ஐடியாகவே இருக்கட்டும்.